உடல் பருமனும் ரண சிகிச்சையும்

பருத்த தேகத்தை இளைக்கச் செய்வதற்காக இரைப்பையிலும் குடலிலும் செய்யப்படும் ரண சிகிச்சை நமது நாட்டில் பெருகி வருகிறது. சில வருஷங்களுக்கு முன்பு வரையில் இது பம்பாய், சென்னை முதலிய பட்டணங்களிலுள்ள தனவந்தர்களின் விஷயமாக இருந்தது. இன்று அப்படியில்லை. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையிலுள்ள கீழ்பென்னாத்தூரில் இருக்கும் ஒரு கடைக்காரரோ, பள்ளிக்கூட உபாத்தியாயரோ தமது கைப்பேசியைத் திறந்தால், சில மாதங்களில் பாதி உடம்பாக்கி அனுப்புகிறோம் என்று அழைக்கும் விளம்பரங்களைக் காண்கிறார். பணத்தை மாதத் தவணையில் கட்டலாம் என்ற சௌகரியமும் சொல்லப்படுகிறது. ஆனால் வயிற்றுக்குள் எதை அறுப்பார்கள், எதை எடுத்தெறிவார்கள், எதை எதனோடு சேர்த்துத் தைப்பார்கள் என்பது மட்டும் அந்த விளம்பரங்களில் அநேகமாக இருப்பதில்லை.

இவ்விஷயத்தில் நமது அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்தச் சிகிச்சையை மோசடி என்று தள்ளிவிடுவது தவறு. உரியவர்களுக்கு உரிய இடத்தில் செய்தால் அது ஆயுளை நீட்டிக்கிறது. ஆனால் ஒரே பெயரால் வழங்கும் இந்தச் சிகிச்சை உண்மையில் பல சிகிச்சைகளின் தொகுதி. அவற்றுள் தனக்குச் செய்யப்போவது எது என்பதைத் தன் பாஷையில் தெரிந்துகொள்ளாமல் ஒருவன் கொடுக்கும் சம்மதம் சம்மதமாகாது. ஊருக்குத் திரும்பியபின் ஆயுள் முழுவதும் கவனிப்பதற்கு ஏற்பாடில்லாமல் செய்யும் சிகிச்சையும் பாதிச் சிகிச்சையே ஆகும்.

பஞ்சத்திலிருந்து பருமனுக்கு

1876 முதல் 1878 வரையில் சென்னை ராஜதானியைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தைச் சரித்திரம் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். கூழுக்கு வழியின்றி ஜனங்கள் சாலையோரங்களில் விழுந்து மடிந்த தேசம் இது. அதே தேசத்தில் இன்று எதிரிடையான வியாதி வந்திருக்கிறது. 2019 முதல் 2021 வரையில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள ஸ்திரீகளில் நூற்றுக்கு 40.4 பேரும், புருஷர்களில் நூற்றுக்கு 37 பேரும் அளவுக்கு மீறிய எடையுள்ளவர்கள். 2015-16-ஆம் வருஷக் கணக்கெடுப்பில் இத்தொகை முறையே 30.9, 28.2 ஆக இருந்தது. இந்தியா முழுவதையும் எடுத்துக்கொண்டால் அந்த ஐந்தாவது கணக்கெடுப்பின் தொகை ஸ்திரீகளில் 24, புருஷர்களில் 22.9. ஆகவே இந்த வியாதியில் நாம் நாட்டுக்கே முன்னணியில் நிற்கிறோம். பெருமைப்படத்தக்க முன்னணி அன்று.

நெல்லும் மணிலாக்கொட்டையும் விளையும் கீழ்பென்னாத்தூர்த் தாலுகா இதற்கு விலக்கு என்று யாரும் எண்ண வேண்டாம். கழனிக்கு நடந்து போனவர்கள் மோட்டார் சைக்கிளில் போகிறார்கள். கவலை இறைத்த கைகள் மின்சார விசையைத் தட்டுகின்றன. நடவையும் அறுவடையையும் யந்திரம் செய்கிறது. கேழ்வரகும் கம்பும் இருந்த இடத்தில் தீட்டின அரிசியும், மைதாவும், சர்க்கரையும், எண்ணெய்ப் பலகாரமும் வந்து உட்கார்ந்துவிட்டன. உழைப்பு குறைந்த வேகத்தில் உணவு குறையவில்லை. பருமனோடு நீரிழிவும் ரத்தக் கொதிப்பும் தூக்கத்தில் மூச்சுத் திணறலும் மூட்டு வலியும் பரிவாரமாக வருகின்றன.

பெருந்தீனியா காரணம்?

பருத்தவனைப் பார்த்து, "வாயைக் கட்டு, எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்வது சுலபம். நமது வாசகர்களில் பலர் உபவாசத்திலும் மிதாகாரத்திலும் நம்பிக்கையுள்ளவர்கள். தின்று கொழுத்ததற்குக் கத்தி மருந்தா என்று அவர்கள் கேட்கலாம். 1909-இல் எழுதிய "ஹிந்த் ஸ்வராஜ்" என்ற நூலில் மகாத்மா காந்தியும் வைத்தியர்களை இவ்விதமே கண்டித்தார். அளவுக்கு மீறித் தின்று அஜீர்ணப்பட்டவன் வைத்தியரின் மாத்திரையால் குணமடைந்தால், மறுபடியும் அளவுக்கு மீறித் தின்னவே துணிவான் என்பது அவரது வாதத்தின் சாரம்.

இந்த வாதத்தில் உண்மை உண்டு. பருமனுள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ரண சிகிச்சை வேண்டியதில்லை. ஆகாரத்தைத் திருத்திக்கொண்டு தினந்தோறும் நடந்தால் அநேகருக்கு நன்மை உண்டாகும். ஆனால் மிகப் பருத்தவர்களின் விஷயத்தில் சாஸ்திரம் வேறொன்றையும் கண்டிருக்கிறது. 1999-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் இரைப்பையில் சுரக்கும் கிரெலின் என்ற ரசத்தைக் கண்டுபிடித்தார்கள். பசியை எழுப்புவது அது. பட்டினி கிடந்து இளைத்தவனின் தேகத்தில் இந்த ரசம் குறைவதில்லை, அதிகப்படுகிறது. அதாவது, இழந்த எடையை மீட்பதற்காக உடம்பே பசியைத் தூண்டிவிடுகிறது. 120 கிலோ எடையுள்ள ஒருவர் 20 கிலோ குறைத்து, இரண்டு வருஷத்தில் 22 கிலோ ஏறினால், அதற்கு அவருடைய மனோதிடம் மட்டுமே பொறுப்பன்று. அவரை ஏளனம் செய்வது வைத்தியமுமன்று, தர்மமுமன்று.

பசியை அடக்கும் ஊசி மருந்துகளும் இப்பொழுது வந்திருக்கின்றன. டிர்செபடைட் என்ற மருந்து 2025 மார்ச்சு மாதத்திலும், எடைக் குறைப்புக்கான ஸெமாகுளூடைட் அதே வருஷம் ஜூன் மாதத்திலும் நமது நாட்டில் விற்பனைக்கு வந்தன. ஊசியை நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. ஆயினும், கத்தியைத் தவிர வேறு வழியே இல்லை என்று இனி எந்த வைத்தியரும் எளிதில் சொல்லிவிட முடியாது.

யாருக்கு உரியது?

முதலாவது ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். தோலுக்கடியில் குழாயைச் செலுத்திக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போஸக்ஷன் என்பது நாம் பேசும் சிகிச்சையன்று. அது உடம்பின் தோற்றத்தைத் திருத்துவதற்கான வேலை. அதனால் நீரிழிவு தீராது, பசி குறையாது. "கொழுப்பு எடுக்கும் ஆபரேஷன்" என்று ஊரில் இரண்டையும் ஒன்றாகப் பேசுகிறார்கள். அதேபோல், இரைப்பைக்குள் பலூனை வைத்துச் சுமார் ஆறு மாதத்தில் எடுத்துவிடுவதும் அறுவையன்று. பலூனை எடுத்தபின் பலருக்கு எடை திரும்பி வருகிறது.

எடையை அளக்க உலகமெங்கும் வழங்கும் கணக்கு ஒன்று உண்டு. கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது அந்த எண். 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் 68 கிலோ இருந்தால் அது 25. 75 கிலோ இருந்தால் 27.5, 95 கிலோ இருந்தால் 35, 109 கிலோ இருந்தால் 40. அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையம் 1991-இல் கூட்டிய மகாநாடு, இந்த எண் 40-ஆக இருப்பவர்களுக்கும், 35-உடன் கடும் வியாதியும் உள்ளவர்களுக்கும் மட்டுமே ரண சிகிச்சை தகும் என்றது. 2022-இல் இத்துறையின் சர்வதேசச் சங்கமும் அமெரிக்கச் சங்கமும் சேர்ந்து அந்த வரம்பைத் தளர்த்தின. 35 இருந்தாலே போதும் என்றன. நீரிழிவு முதலியவை இருந்தால் 30-இலும் செய்யலாம் என்றன. ஆசியா கண்டத்தாருக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வருவதால் 27.5-இலிருந்தே இச்சிகிச்சையை யோசிக்கலாம் என்றும் சொல்லின.

வரம்பு தளர்ந்தது நோயாளிக்கு நன்மை. ஆனால் வியாபாரிக்கும் அது நன்மை என்பதை மறக்கலாகாது. 165 சென்டிமீட்டர் உயரமும் 75 கிலோ எடையும் உள்ளவர்கள் கீழ்பென்னாத்தூர் சந்தையில் எத்தனை பேர் நடமாடுகிறார்கள்! யோசிக்கலாம் என்பது வேறு, செய்தே தீர வேண்டும் என்பது வேறு.

சிகிச்சையின் வகைகள்

இனி வகைகளைப் பார்ப்போம். எல்லாவற்றுக்கும் அடிப்படை இரண்டே யுக்திகள். ஒன்று, இரைப்பையைச் சிறிதாக்குவது. மற்றொன்று, உண்ட ஆகாரம் குடலின் ஒரு பகுதியைத் தாண்டிப் போகும்படி வழியை மாற்றுவது. இப்பொழுது பெரும்பாலும் வயிற்றில் சிறு துவாரங்களிட்டு, காமிராவின் உதவியால் இவற்றைச் செய்கிறார்கள். வெளியே தழும்பு சிறிதாயிருப்பதைக் கண்டு உள்ளே நடந்ததும் சிறிது என்று நினைத்துவிடக்கூடாது.

பழைய கதை ஒன்று எச்சரிக்கையாக இருக்கும். 1954-இல் அமெரிக்காவின் மின்னஸோட்டா சர்வகலாசாலையைச் சேர்ந்த கிரெமென், லின்னர் முதலியோர் சிறுகுடலின் பெரும் பகுதியை விலக்கிவிடும் சிகிச்சையை வெளியிட்டார்கள். நோயாளிகள் இளைத்தார்கள், மெய்தான். ஆனால் பின்னால் பலருக்கு ஓயாத பேதியும், மூத்திரக் கோசத்தில் கல்லும், ஈரல் கேடும் உண்டாயின. ஆயிரக்கணக்கானவர்களுக்குச் செய்தபின் அதைக் கைவிட்டார்கள். இளைப்பது ஒன்றே வெற்றியாகாது என்ற பாடம் அப்பொழுது கிடைத்தது.

முதல் வகை, வளையம் கட்டுவது. இரைப்பையின் மேற்பாகத்தில் ஸிலிக்கோன் வளையத்தை மாட்டி, தோலுக்கடியில் வைத்த சிறு மூடி வழியாக உப்பு நீரை ஏற்றியோ இறக்கியோ அதை இறுக்கவும் தளர்த்தவும் செய்வார்கள். எதையும் வெட்டுவதில்லை, வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். இந்தக் காரணத்தால் ஒரு காலத்தில் மேல்நாடுகளில் இதற்கு ஏக மதிப்பு. ஆனால் வளையம் நழுவுவதும், இரைப்பையை அரித்து உள்ளே போவதும், எடை போதியபடி குறையாமையும் சேர்ந்து இதன் செல்வாக்கைக் கெடுத்துவிட்டன. இன்று இதைச் செய்பவர்கள் மிகச் சிலரே.

இரண்டாவது, குழாய் இரைப்பை. இங்கிலீஷில் ஸ்லீவ் என்பார்கள். சட்டைக் கை என்று அர்த்தம். இரைப்பையை நீளவாட்டில் வெட்டி, நாலில் மூன்று பங்குக்கும் அதிகமாக எடுத்தெறிந்துவிட்டு, வாழைப்பழம் போன்ற குழாயை மட்டும் மிச்சம் வைக்கிறார்கள். முன்னே சொன்ன கிரெலின் அதிகம் சுரக்கும் பாகமும் வெட்டுண்டு போவதால் பசியும் அடங்குகிறது. மிகப் பருத்தவர்களுக்கு இரண்டு கட்டமாகச் செய்யும் சிகிச்சையின் முதற்கட்டமாகவே 2000-ஆம் வருஷத்தையொட்டி இது கையாளப்பட்டது. பலர் முதற்கட்டத்திலேயே போதுமான அளவு இளைத்தபடியால் அதுவே தனிச் சிகிச்சையாகிவிட்டது. உலகத்தில் இப்பொழுது மிகுதியாகச் செய்யப்படுவது இதுதான். குடலைத் தொடுவதில்லை என்பது இதன் சௌகரியம். ஆனால் வெட்டி எறிந்த இரைப்பை திரும்பி வராது. தைத்த கோடு எங்காவது விட்டுப் போனால் உள்ளே கசிந்து சீழ் கட்டி உயிருக்கே ஆபத்தாகலாம். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அது அதிகப்படுவதும் உண்டு. ஏற்கெனவே புளித்த ஏப்பத்தாலும் நெஞ்செரிச்சலாலும் அவதிப்படுகிறவர் இந்த வகைக்கு இணங்குமுன் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, பைபாஸ் என்னும் மாற்று வழி. அயோவா சர்வகலாசாலையைச் சேர்ந்த எட்வர்ட் மேஸன் 1966-இல் இதற்கு வழி காட்டினார். இரைப்பையின் மேற்புறத்தில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையை மட்டும் பிரித்து, சிறுகுடலை நடுவில் வெட்டி மேலே இழுத்து அதனுடன் தைக்கிறார்கள். இரைப்பையின் மற்றப் பாகம் உள்ளேயே இருக்கும். ஆகாரம் அதன் வழியாகப் போகாது. குடல் இணைப்பு இங்கிலீஷ் "ஒய்" எழுத்தைப் போலிருக்கும். இந்த இணைப்பு முறைக்கு ஸ்விட்ஸர்லாந்து தேசத்து ரண வைத்தியரான ஸெஸார் ரூவின் பெயர் வழங்குகிறது. நீரிழிவுக்கும் நெஞ்செரிச்சலுக்கும் இது குழாய் இரைப்பையைவிட மேல் என்பது பொதுவான அபிப்பிராயம். ஆனால் இனிப்பைச் சற்று அதிகமாக உண்டால் படபடப்பும் வியர்வையும் மயக்கமும் வரும். இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து, பி12 முதலியவை உடம்பில் சரியாகச் சேரா. வருஷங்கள் கழித்துக்கூடக் குடல் உள்ளே சிக்கிக்கொள்ளலாம்.

நான்காவது, ஒற்றை இணைப்புப் பைபாஸ். 1997-இல் அமெரிக்காவில் ராபர்ட் ரட்லெட்ஜ் என்பவர் தொடங்கியது. இரைப்பையை நீண்ட குழாயாகப் பிரித்து, குடலுடன் ஒரே இடத்தில் மட்டும் தைப்பார்கள். இரண்டு தையலுக்குப் பதில் ஒன்று என்பதால் நேரம் குறைவு. நமது நாட்டிலும் இதைச் செய்பவர்கள் அதிகம். பித்த நீர் மேலேறி வருவதும் சத்துக் குறைவும் இதன் குற்றங்கள்.

ஐந்தாவது, குழாய் இரைப்பையோடு குடலின் பெரும் பகுதியையும் விலக்கிவிடும் "டியோடினல் ஸ்விட்ச்". எடையைக் குறைப்பதில் இதற்கு மிஞ்சினது இல்லை. சத்தைக் கெடுப்பதிலும் இதற்கு மிஞ்சினது இல்லை. பருப்பையும் மோரையும் தவிர வேறு புஷ்டியான ஆகாரம் அறியாத ஒருவருக்கு இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைப் பல முறை யோசிக்க வேண்டும்.

பலன் எவ்வளவு?

ஸ்வீடன் தேசத்தில் 1987-இல் ஆரம்பித்த ஆராய்ச்சி ஒன்று சுமார் 2,000 பேருக்கு ரண சிகிச்சை செய்து, அதே மாதிரியான மற்றொரு 2,000 பேருடன் ஒப்பிட்டுப் பல வருஷங்கள் கவனித்தது. சிகிச்சை பெற்றவர்களிடையே மரணம் நாலில் ஒரு பங்குக்கும் மேலாகக் குறைந்தது என்று 2007-இல் வெளியிட்டார்கள். எடையைப் பொறுத்தவரை, குழாய் இரைப்பையிலும் பைபாஸிலும் ஓரிரு வருஷத்தில் உடல் எடையில் நாலில் ஒரு பங்கு முதல் சற்று மேலாகவும் குறைகிறது. 110 கிலோ இருந்தவர் சுமார் 80 கிலோவுக்கு வரலாம். 55 கிலோவுக்கு வருவது அபூர்வம்.

நீரிழிவு அடியோடு போய்விடும் என்று சொல்லுகிறவர்களுக்கு அமெரிக்காவின் கிளீவ்லாந்து ஆஸ்பத்திரியில் 150 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆராய்ச்சியே பதில். ஒரு வருஷ முடிவில் சர்க்கரை உரிய அளவுக்கு வந்தவர்கள் பைபாஸில் நூற்றுக்கு 42, குழாய் இரைப்பையில் 37, மருந்து மட்டும் உண்டவர்களில் 12. ஐந்து வருஷ முடிவில் இத்தொகைகள் முறையே 29, 23, 5 ஆயின. கத்தி மருந்தை வென்றது, சந்தேகமில்லை. ஆனால் சிகிச்சை பெற்றவர்களிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்த அளவை எட்டவில்லை என்பதையும் இதே கணக்குச் சொல்லுகிறது. எட்டியவர்களிலும் சிலர் பின்வாங்கினார்கள்.

ஆபத்தையும் மிகைப்படுத்த நாம் விரும்பவில்லை. அமெரிக்காவின் தேர்ந்த ஆஸ்பத்திரிகளில் 4,776 பேரைக் கவனித்து 2009-இல் வெளியான ஆராய்ச்சியில் முப்பது நாட்களுக்குள் இறந்தவர்கள் ஆயிரத்துக்கு மூன்று பேர். தேர்ந்த ஆஸ்பத்திரி என்ற சொல்லை மட்டும் வாசகர்கள் மனத்தில் வைக்க வேண்டும்.

ஊருக்குத் திரும்பிய பின்

சென்னையில் சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள் கீழ்பென்னாத்தூருக்குப் பஸ் ஏறி வருகிறவரின் நிலைமையை யோசியுங்கள். அவர் இனி ஆயுள் முழுவதும் சத்து மாத்திரைகள் உண்ண வேண்டும். வருஷந்தோறும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நாளொன்றுக்குச் சுமார் 60 கிராம் புரதம் வயிற்றுக்குள் போக வேண்டும். ஆனால் அவருடைய வயிறோ சில கவளங்களில் நிறைந்துவிடும். அரிசிச் சோற்றால் அதை நிரப்பிவிட்டால் புரதத்துக்கு இடமில்லை. விடாமல் வாந்தி எடுத்தால் சில வாரங்களில் தயமின் சத்து வற்றி, பெரிபெரி வியாதி வந்து நரம்பும் மூளையும் கெடலாம். தீட்டின அரிசியை உண்ணும் நாடுகள் நன்கு அறிந்த பழைய வியாதி அது. ஸ்திரீகள் ஒரு வருஷம் முதல் ஒன்றரை வருஷம் வரையில் கர்ப்பம் தரிக்காமலிருக்க வேண்டும் என்பது வைத்தியர்களின் விதி. மணமான பெண்ணுக்கும் அவள் மாமியாருக்கும் இதை யார் எடுத்துச் சொல்வது?

பைபாஸ் செய்துகொண்டவர் முழங்கால் வலி என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சாதாரண வலி மாத்திரையே தையல் போட்ட இடத்தில் புண்ணை உண்டாக்கலாம். பீடியும் அதையே செய்யும். சாராயம் முன்னைவிட விரைவாக ரத்தத்தில் ஏறும். தமக்கு நடந்தது எந்த வகை என்று தெரியாத நோயாளி, நள்ளிரவில் வயிற்று வலியோடு தாலுகா ஆஸ்பத்திரிக்கு ஓடினால், அங்குள்ள இளம் வைத்தியர் என்ன செய்வார்? "எடை குறைக்கிற ஆபரேஷன்" என்ற ஒரு வார்த்தையைக் கொண்டு குடல் சிக்கலை அவர் எப்படி ஊகிப்பார்? வகையின் பெயர் தெரிவது பாண்டித்தியத்துக்காக அன்று, உயிருக்காக.

சம்மதம் என்பது என்ன?

2024 ஏப்ரல் மாதத்தில், புதுவையைச் சேர்ந்த ஒரு வாலிபர் எடையைக் குறைக்கும் சிகிச்சைக்காகச் சென்னையை அடுத்த பம்மலிலுள்ள தனியார் ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போய் உயிரிழந்தார். அரசாங்கம் விசாரணை நடத்தி, குறைகளைக் கண்டு, அந்த ஆஸ்பத்திரியின் அனுமதியைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. இறந்தபின் வரும் விசாரணை வேண்டியதுதான். ஆனால் இருக்கும்போது வர வேண்டிய விளக்கத்துக்கு அது ஈடாகாது.

2008 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு இவ்விஷயத்தில் தெளிவான தீர்ப்பு ஒன்றைக் கூறியது. பரிசோதனைக்கென்று சம்மதம் வாங்கி உறுப்பையே எடுத்துவிட்ட வழக்கு அது. சிகிச்சையின் தன்மை, நோக்கம், நன்மை, ஆபத்து, அதற்குப் பதிலாக உள்ள வழிகள் ஆகியவற்றைச் சொல்லி வாங்கும் சம்மதமே செல்லும் என்றும், ஒன்றுக்குக் கொடுத்த சம்மதம் மற்றொன்றுக்கு ஆகாதென்றும் நீதிபதிகள் விதித்தார்கள். தீர்ப்பு வந்து இத்தனை வருஷமாயிற்று. இன்றும் பல இடங்களில், சிகிச்சை நாளன்று காலையில், இங்கிலீஷில் அச்சடித்த காகிதத்தை நீட்டி, "இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்பதே வழக்கமாயிருக்கிறது.

வைத்தியர்களைக் கண்டித்த மகாத்மா தமக்கே நோய் வந்தபோது எப்படி நடந்துகொண்டார் என்பதை இங்கே நினைவூட்ட விரும்புகிறோம். 1924 ஜனவரியில், எரவாடாச் சிறையில் கைதியாயிருந்த அவருக்குக் குடல்வால் வியாதி கண்டது. பூனாவில் ஸாஸூன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். 12-ந் தேதி இரவு கர்னல் மாடக் ரண சிகிச்சை செய்தார். அதற்கு முன்பு, நம் தமிழ்நாட்டவரான சீனிவாச சாஸ்திரியார் வரவழைக்கப்பட்டார். சிகிச்சைக்குத் தாம் இணங்குவதைத் தெரிவிக்கும் அறிக்கையை அவர் எழுத, மகாத்மா கையெழுத்திட்டார். சிகிச்சையின் நடுவில் மின்சார விளக்கு அணைந்துபோய், லாந்தர் வெளிச்சத்தில் முடிக்க நேர்ந்தது. அந்நிய அரசாங்கத்தின் கைதிக்கும், அவனுடைய தேகத்தில் கத்தி வைக்குமுன் அறிந்து கொடுத்த சம்மதம் வேண்டியிருந்தது. சுதந்தர இந்தியாவின் பிரஜைக்கு அதைவிடக் குறைவான உரிமையா?

தமிழில் சொல்ல முடியாது என்ற சாக்கு இனிச் செல்லாது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க வைத்தியரான சாமுவேல் கிரீன், சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழில் கற்பித்து, வைத்திய நூல்களையும் தமிழில் வெளியிட்டார். 1916-இல் சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் தமிழில் சாஸ்திரச் சொற்களை ஆக்குவதற்கென்றே ஒரு சங்கம் வைத்தார்கள். அவர்கள் போட்ட பாதையிருக்க, இரைப்பை, சிறுகுடல், தையல், கசிவு, சத்துக் குறைவு என்ற சொற்கள் இருக்க, ஒரு பக்கக் காகிதத்தைத் தமிழில் எழுத வைத்தியசாலைகளுக்கு என்ன கஷ்டம்?

செய்ய வேண்டியவை

நமது யோசனைகள் நான்கு. முதலாவது, எடையைக் குறைக்கும் ரண சிகிச்சை செய்யும் ஒவ்வோர் ஆஸ்பத்திரியும், சிகிச்சைக்குச் சில நாட்கள் முன்னதாகவே, நோயாளி வீட்டுக்கு எடுத்துப் போய் நாலு பேருடன் கலந்து யோசிக்கும்படி, தமிழில் எழுதிய விளக்கம் கொடுக்க வேண்டும். எந்த வகை, எது வெட்டப்படும், திரும்பப் பழையபடி ஆக்க முடியுமா, வேறு வழி என்ன, ஆயுள் முழுவதும் என்ன உண்ண வேண்டும், அந்த வைத்தியர் இதே சிகிச்சையை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்ற ஆறு கேள்விகளுக்கும் அதில் பதில் இருக்க வேண்டும். சிகிச்சை முடிந்ததும் வகையின் பெயரெழுதிய அட்டை ஒன்றை நோயாளி எப்பொழுதும் தம்முடன் வைத்திருக்கும்படி தர வேண்டும்.

இரண்டாவது, 1997-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு மருத்துவ நிலையங்கள் சட்டம் காகிதத்தில் தூங்கக் கூடாது. தீவிர சிகிச்சைப் பிரிவும், மயக்க மருந்து நிபுணரும், நள்ளிரவில் மறுபடியும் வயிற்றைத் திறக்கும் வசதியும் இல்லாத இடத்தில் இச்சிகிச்சைக்கு அனுமதி கொடுக்கலாகாது. நோயாளிகளை விளம்பரத்தால் அழைப்பது 2002-ஆம் வருஷத்து மருத்துவ ஒழுக்க விதிகளுக்கே விரோதம். கைப்பேசியில் வரும் விளம்பரங்களுக்கு அந்த விதி ஏன் செல்லவில்லை என்று மருத்துவக் கவுன்சில் பதில் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, திருவண்ணாமலை அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் வாரத்தில் ஒரு நாள், இச்சிகிச்சை பெற்றவர்களைக் கவனிப்பதற்கென்று ஒதுக்க வேண்டும். எங்கே சிகிச்சை பெற்றாரானாலும், ஏழையோ பணக்காரரோ, அங்கே ரத்தப் பரிசோதனையும் சத்து மாத்திரையும் கிடைக்க வேண்டும். 2021 ஆகஸ்டு மாதத்தில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தின் ஊழியர்கள் நீரிழிவுக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீடு தேடி வருகிறார்கள். அவர்களுடைய பட்டியலில் இவர்களையும் சேர்ப்பது பெரிய செலவன்று.

நான்காவது, இன்ஷூரன்ஸ். அதிகார சபை 2019-இல் வகுத்த விதிப்படி, மேற்சொன்ன எண் 40-க்குக் குறைந்தவர்களுக்கும், 35-உடன் குறிப்பிட்ட கடும் வியாதி இல்லாதவர்களுக்கும் கம்பெனிகள் பணம் மறுக்கலாம். இது 1991-ஆம் வருஷத்து அமெரிக்க அளவுகோல். இந்தியத் தேகத்துக்கு ஏற்ற அளவை நமது வைத்திய நிபுணர்களைக் கொண்டு வகுக்க வேண்டும். கஷ்டம் உள்ளவனுக்குப் பணம் மறுப்பதும், கஷ்டமில்லாதவனைக் கடனில் மாட்டி அறுப்பதும் இரண்டும் ஒழிய வேண்டும்.

இவையெல்லாம் சர்க்காரின் வேலை என்று தேசத் தொண்டர்கள் சும்மா இருந்துவிடலாகாது. கீழ்பென்னாத்தூர்த் தாலுகாவின் கிராம சபைகளில் சாலையைப் பற்றியும் ஏரியைப் பற்றியும் தீர்மானம் கொண்டுவருவதுபோல இதைப் பற்றியும் கொண்டுவரலாம். பள்ளிக்கூடத்துக்கு ஒரு விளையாட்டு மைதானமும், சத்துணவில் கேழ்வரகும் கேட்பது இதே போரின் மற்றொரு முனை. கத்தி வேண்டாதபடி குழந்தைகளை வளர்ப்பது எல்லாச் சிகிச்சையிலும் மேலான சிகிச்சை. ஆயினும், இன்று 110 கிலோ எடையோடும் நீரிழிவோடும் மூச்சுத் திணறலோடும் இருப்பவருக்கு அந்த உபதேசம் போதாது. அவர் கத்தியைத் தேடிப் போனால் போகட்டும். போகுமுன், எந்தக் கத்தி, எதை அறுக்கப் போகிறது என்று தமிழில் கேட்டு, தமிழில் பதில் பெற்றுப் போகட்டும். சொந்தத் தேகத்தின்மேல் சுயராஜ்யம் இல்லாதவனுக்கு வேறு எந்தச் சுயராஜ்யம் இருந்து என்ன பயன்?